மின் நிலைய அனுமதிக்குப் பத்தாண்டுக் கெடு: நடுவில் கேட்க யாருக்கும் உரிமை இல்லையா?

ஓமலூர் சரபங்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேட்டூரில் மின் நிலையத்தை ஒட்டி வாழ்பவர்களும், அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், சட்டம் படித்தவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால், சில ஆண்டுகளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைச் சற்று விரிவாகவே முன்வைக்கிறேன்.

ஒரு மின் நிலையம் கட்ட அரசு தரும் சுற்றுச்சூழல் அனுமதி எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும்? 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அணை, புனல் மின் நிலையம் போன்ற ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கு 10 ஆண்டுகள் என்றும், சுரங்கம் நீங்கலான மற்றவற்றுக்கு 5 ஆண்டுகள் என்றும் வரையறுத்தது. அனல் மின் நிலையங்கள் இந்த 5 ஆண்டுக் கணக்கில் வந்தன. 2015 ஏப்ரலில் 5 என்பது 7 ஆயிற்று. 2022 ஏப்ரல் 12 அறிவிக்கையில் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கு 13, அணு மின் நிலையங்களுக்கு 15, மற்றவற்றுக்கு 10 என்று ஆனது. இவற்றுக்கு மேல் காலநீட்டிப்பும் கேட்கலாம். ஆக, பதினாறு ஆண்டுகளுக்குள் அனல் மின் நிலையத்துக்கான கெடு இரண்டு மடங்காகியிருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தனியார் நிறுவனம் தன் ஆலைக்காக நிலக்கரி மின் நிலையம் ஒன்று கட்டத் திட்டமிட்டது. மாவட்ட நிர்வாகம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. நாங்கள் போனோம், பேசினோம். அப்போது ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்த அறிக்கையை நான் பக்கம் பக்கமாகப் படித்தேன். அதில் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கிணறுகளின் நீர்மட்டம் ஓர் அட்டவணையாக இருந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பொதுக்கிணறும் அதில் ஒரு வரிசை. நிலமட்டத்திலிருந்து எத்தனை மீட்டரில் தண்ணீர், அதில் உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கு உண்மைதான், நாங்களும் மறுக்கவில்லை.

அனுமதி கிடைத்த பிறகு நான்கு மூலைகளில் எல்லைக்கல் நட்டார்கள், ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. அந்தப் பொதுக்கிணறு வற்றி, அதற்குள் இப்போது வேலிக்காத்தான் முளைத்துக் கிடக்கிறது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் எண்ணூறு அடியைத் தாண்டிவிட்டன. எல்லைக்கல்லுக்கு நூறு மீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ஆனால் காகிதத்தில் அந்த அனுமதி பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. கெடு நீட்டிக்கப்பட்டதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நாளைக்கே பணம் புரண்டு வேலையைத் தொடங்கியிருந்தால், வற்றிப்போன கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை வைத்துத்தான் தொடங்கியிருப்பார்கள்.

அந்த நிலத்தைச் சுற்றியிருந்த குடும்பங்கள் இத்தனை காலமும் பட்டபாடு வேறு. புகை வரப்போகிறது என்றால் யார் தென்னை வைப்பார்கள்? பெண் கொடுப்பவர்கள்கூட 'அங்கே ஏதோ கம்பெனி வருதாமே' என்று தயங்கினார்கள்.

மின் நிலையமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அனுமதிக்குக் கெடு வைப்பதன் நோக்கம் என்ன, அந்த நோக்கத்துக்குப் பத்தாண்டு என்ற ஒற்றைக் கெடு உதவுகிறதா என்பதே என் கேள்வி. எட்டு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒன்பதாவது ஆண்டில் பொக்லைன் இயந்திரத்தை இறக்க ஒருவருக்கு உரிமை இருக்கிறதென்றால், அந்த எட்டு ஆண்டுகளில் ஊர் மாறியிருப்பதை யார் கணக்கில் எடுப்பது?

தொட்டில்பட்டி எழுதியது:

சரபங்கா ஐயாவுக்கு வணக்கம். நான் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பகுதியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் ஊரின் வருத்தம் புரிகிறது. ஆனால் கெடு ஏன் நீண்டது என்பதற்குக் கட்டுமானப் பக்கத்திலிருந்தும் ஒரு நியாயம் உண்டு. அதையும் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு, மொத்தம் 840 மெகாவாட், 1987 முதல் 1990க்குள் ஓடத் தொடங்கின. இரண்டாம் நிலையான 600 மெகாவாட் அலகுக்கு 2008இல் பணி ஒப்பந்தம் போடப்பட்டு, 2013இல் வணிக உற்பத்தி தொடங்கியது. காவிரித் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, ரயில் பாதை இருந்தது, மின் வாரியத்தின் நிலம் இருந்தது, சாம்பல் கொட்டும் இடமும் இருந்தது. இத்தனையும் கையில் இருந்தும் ஐந்து ஆண்டு ஆயிற்று. இவை எதுவும் இல்லாத புது இடத்தில் எத்தனை ஆண்டு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அனுமதிக் கடிதம் வந்தவுடன் அஸ்திவாரம் தோண்ட முடியாது. அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் வங்கிகள் கடன் பற்றியே பேசும். கடன் உறுதியானால்தான் கொதிகலனுக்கும் டர்பைனுக்கும் ஆர்டர் போகும். நிலக்கரி ஒதுக்கீடு ஒரு துறை, தண்ணீர் ஒதுக்கீடு இன்னொரு துறை, ரயில் பக்கப்பாதை இன்னொன்று, வனநிலம் கொஞ்சம் குறுக்கிட்டால் அதற்கு இரண்டு கட்ட அனுமதி தனி. ஒன்று தாமதமானால் பின்னால் இருப்பவை எல்லாம் காத்துக் கிடக்கும்.

புனல் மின் திட்டங்களில் பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதே தோண்டிய பிறகுதான் தெரியும். இமாச்சலப் பிரதேசத்தின் பார்வதி இரண்டாம் நிலைத் திட்டம், 800 மெகாவாட். 2002இல் வேலை தொடங்கியது. 2007இல் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் மேல் தண்ணீரும் சேறும் பாய்ந்து வேலை ஆண்டுக்கணக்கில் முடங்கியது. முழுத் திறனுக்கு 2025இல்தான் வந்தது. கூடங்குளத்தின் முதல் அலகுக்கு 2002இல் கான்கிரீட் போட்டு, 2014 இறுதியில்தான் வணிக உற்பத்தி. இவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாதி கட்டிய நிலையில் அனுமதி காலாவதி ஆகிவிட்டதென்று நிறுத்தினால், கொட்டிய கான்கிரீட்டும் வாங்கிய கடனும் யார் தலையில் விழும்? மின் கட்டணம் செலுத்துபவர் தலையில்தான்.

எடப்பாடி விசைத்தறி எழுதியது:

நான் தொட்டில்பட்டி ஐயா பக்கம். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்தப் பகுதியில் தறி வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று தெரியாமல், நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் தொழிலாளியைப் போய் எழுப்பித் தறி ஓட்டினோம். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த இடத்தில் துணியில் கோடு விழும். வியாபாரி அந்தச் சேலையைக் கழித்துவிடுவார். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் தறியை எடைக்குப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அன்றைக்கு அந்தத் துன்பம் வந்ததற்குக் காரணம், கட்ட வேண்டிய நிலையங்களை உரிய காலத்தில் கட்டி முடிக்காததுதான். கெடுவை இறுக்கி, அதனால் இன்னும் நான்கு நிலையங்கள் நின்றுபோனால், மறுபடியும் இருட்டில் உட்காருவது நாங்கள்தான். ஊர்க்காரர்களின் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் கவலையும் இந்தக் கணக்கில் வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு வெவ்வேறு கெடுக்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. அதைப் பிரித்தால் பாதிச் சிக்கல் அவிழும் என்று நினைக்கிறேன்.

நம் 2006 அறிவிக்கையின் 9ஆவது பத்தி, அனுமதி செல்லுபடியாகும் காலம் என்பதை, அனுமதி வழங்கிய நாள் முதல் உற்பத்தி தொடங்கும் நாள் வரையிலான காலம் என்று வரையறுக்கிறது. அதாவது நம் கெடு முடிவைப் பார்க்கிற கெடு. எப்போது தொடங்கினாய், நடுவில் எத்தனை காலம் நிறுத்தினாய் என்று அது கேட்பதில்லை. முடிவுக்கு மட்டும் கெடு வைப்பதால்தான் அது நீளமாக இருந்தாக வேண்டியிருக்கிறது; தொட்டில்பட்டி ஐயா சொன்ன காரணங்களுக்கெல்லாம் அதற்குள்ளேயே இடம் வைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் காற்றுத் தூய்மைச் சட்டத்தின் கீழ் பெரிய மின் நிலையங்களுக்குத் தரப்படும் கட்டுமான அனுமதி இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. அனுமதி கிடைத்த 18 மாதங்களுக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டால் அது செல்லாது. தொடங்கிய பிறகு 18 மாதங்களோ அதற்கு மேலோ வேலையை நிறுத்தி வைத்தாலும் செல்லாது. நியாயமான காலத்துக்குள் முடிக்காவிட்டாலும் செல்லாது. தக்க காரணம் காட்டினால் நீட்டிப்பு உண்டு. 'தொடங்குவது' என்றால் என்ன என்பதையும் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்: இடத்தில் தொடர்ச்சியான கட்டுமானம் நடந்திருக்க வேண்டும், அல்லது பெரும் இழப்பில்லாமல் விலக முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நான்கு எல்லைக்கல்லும் ஒரு பெயர்ப்பலகையும் அந்தக் கணக்கில் வராது.

அங்கே ஏன் இத்தனை இறுக்கம்? அந்த அனுமதி இரண்டு முடிவுகளின் மேல் நிற்கிறது. அன்றைய நிலையில் கிடைக்கும் சிறந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி எது என்பது ஒன்று. அந்தப் பகுதியின் காற்று இன்னும் எவ்வளவு மாசைத் தாங்கும் என்பது மற்றொன்று. கருவி ஆண்டுதோறும் மேம்படுகிறது. காற்றின் தாங்குதிறனோ வரம்புக்கு உட்பட்டது. கட்டாத நிலையம் ஒன்று அதைப் பிடித்து வைத்துக்கொண்டால், கட்ட வருகிற இன்னொருவருக்கு இடம் இல்லாமல் போகிறது. ஆகவே, பயன்படுத்தாதவர் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அந்தக் கெடுவின் உட்பொருள்.

புனல் திட்டங்களில் அந்நாடும் பிடியைத் தளர்த்தியிருக்கிறது. கூட்டாட்சி மின்சாரச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை தொடங்க வேண்டும். முன்பு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் மட்டுமே நீட்டிக்க முடியும். 2018இல் வந்த திருத்தம் அந்த நீட்டிப்பை மொத்தம் எட்டு ஆண்டுகள் வரை தரலாம் என்று ஆக்கியது. அப்படித் தளர்த்திய பிறகும், தொடங்குவதற்கென்று ஒரு கெடு அங்கே இருந்துகொண்டுதான் இருக்கிறது.

எடப்பாடி அண்ணா எண்ணிப் பார்க்க வேண்டியது இதுதான். தொடங்குவதற்குக் கெடு வைப்பது கட்டுமானத்தைத் தாமதப்படுத்தாது. கட்ட மனமும் பணமும் இல்லாதவர் கையில் அனுமதி பத்தாண்டு முடங்கிக் கிடப்பதால் உங்கள் தறிக்கு ஒரு யூனிட்கூடக் கூடுதலாக வரப்போவதில்லை.

நாகலூர் தோட்டம் எழுதியது:

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். தமிழ்நாடு அரசு 2024இல் நீரேற்று மின் திட்டங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் மிகுந்துள்ள நம் மாநிலத்துக்கு இது அவசியம் என்று நானும் நம்புகிறேன். எங்கள் மலைக்கென ஒரு திட்டம் வந்துவிட்டதாக நான் கூறவில்லை. ஆனால் சரிவான மலையை எல்லாம் இனி அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள் என்பதால், பதின்மூன்று ஆண்டுக் கெடு எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் சட்டச் செய்தி அல்ல.

நீலகிரியின் குந்தா நீரேற்றுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 500 மெகாவாட். 2007இல் சுற்றுச்சூழல் அனுமதி. பத்தாண்டு ஓடிய பிறகே முக்கியப் பணிகள் வேகம் பிடித்தன. பக்கத்தில் நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைப் புனல் திட்டம் வெறும் 20 மெகாவாட். அதுவும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

மலையில் ஓடும் தண்ணீரை ஒரே ஒரு பருவத்தில் அளந்துவிட்டு அதைப் பதிமூன்று ஆண்டுகளுக்கு நம்ப முடியாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த கோடையில் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பக்கம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் ஊற்று நின்றுபோனது. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தின் மேலேயே காய்ந்து தொங்கியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையில் சாலை சரிந்து, சேலத்துக்குப் போகும் பாதை அடைபட்டது. 2016இல் அளந்தவர் இந்த மலையில் நீரே இல்லை என்று எழுதியிருப்பார். 2024இல் அளந்தவர் இந்தச் சரிவில் எதையுமே கட்டக் கூடாது என்று எழுதியிருப்பார். இரண்டுமே முழு உண்மை அல்ல. ஓடையும் சரிவும் எப்படி மாறுகின்றன என்பதைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருந்தால்தான் எங்களுக்கும் கட்டுபவருக்கும் பாதுகாப்பு.

எங்கள் ஓடைகள்தான் கீழே சரபங்காவாகவும் திருமணிமுத்தாறாகவும் போகின்றன. மேலே ஓர் அனுமதி காலாவதி ஆகிறதா நீள்கிறதா என்பதில் ஓமலூருக்கும் சேலத்துக்கும் பேச்சுரிமை வேண்டும்.

தொட்டில்பட்டி எழுதியது:

வழக்குரைஞர் பிரித்துக் காட்டியது சரியான இடம். தொடங்குவதற்குத் தனிக் கெடு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதில் ஒரு பாதுகாப்பு வேண்டும். அரசுத் துறையின் கையெழுத்துக்காகவோ நீதிமன்றத் தடையாலோ காத்திருக்கும் காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அது முடியாத செயல் அல்ல. கொரோனாவை ஒட்டி 2020 ஏப்ரல் 1 முதல் 2021 மார்ச் 31 வரையிலான ஓராண்டை அனுமதிக் காலத்தில் சேர்க்க வேண்டாம் என்று அரசே 2021 ஜனவரியில் அறிவித்தது. அசாம், அருணாசலப் பிரதேச எல்லையில் உள்ள கீழ் சுபன்சிரித் திட்டத்தில் 2011 டிசம்பர் முதல் 2019 வரை வேலை நின்றது. அந்த எட்டு ஆண்டுகளையும் கட்டுபவரின் சோம்பல் என்று எழுதுவது நியாயம் ஆகாது.

பழைய அனுமதி எப்படிப் பழசாகிறது என்பதற்கு என் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2015 டிசம்பர் 7க்கு முன்பு நம் நாட்டில் அனல் மின் நிலையம் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு அளவு வரம்பே கிடையாது. புகைபோக்கி இத்தனை உயரம் இருக்க வேண்டும் என்ற விதி மட்டுமே. 500 மெகாவாட்டோ அதற்கு மேலோ உள்ள அலகு என்றால் 275 மீட்டர். புகையை உயரத்தில் விட்டால் பரவிவிடும் என்ற எண்ணம் அது. அந்த நாளில் வந்த அறிவிக்கை, 2017 ஜனவரி 1 முதல் நிறுவப்படும் அலகுகளுக்குக் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு, 30 மில்லிகிராம் துகள் என்று வரம்பு வைத்தது. 2009இல் அனுமதி வாங்கி 2019இல் கட்டியவருக்கு அப்போது புதிய வரம்பு பொருந்தியது உண்மைதான். ஆனால் அவர் போட்ட வரைபடத்தில் கந்தக நீக்கிக்கு இடம் விட்டிருக்க மாட்டார், அதற்கு வேண்டிய கூடுதல் தண்ணீரைக் கணக்கிட்டிருக்க மாட்டார், அதிலிருந்து வரும் ஜிப்சத்தை எங்கே குவிப்பது என்று எழுதியிருக்க மாட்டார். ஊர்மக்கள் முன் வைத்த திட்டமும் கட்டப்படும் நிலையமும் ஒன்றாக இருக்காது.

எண்ணூர் விரிவாக்கத் திட்டத்தின் கதையும் அந்த ஆண்டுகளை ஒட்டியதுதான். 660 மெகாவாட். 2009இல் அனுமதி. ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2019இல் கெடு முடிந்தபோது வேலையின் பெரும்பகுதி மிச்சம். கருத்துக்கேட்பு இல்லாமல் தொடரலாமா என்ற வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கூட்டம் 2024 டிசம்பரில்தான் நடந்தது. நடுவிலேயே ஒரு முறை நிறுத்தி, 'பணம் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா' என்று கேட்டிருந்தால், வாரியத்துக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். கட்டுமானத்தில் இருந்தவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

சூரமங்கலம் பட்டறை எழுதியது:

ஒரே ஒரு செய்தி சேர்க்கிறேன். கெடு விண்ணப்பிப்பவருக்கு மட்டும் இருந்தால் போதாது, முடிவெடுப்பவருக்கும் வேண்டும். வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தம், 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வே வேண்டாம் என்றது; அதற்கு மேல் போனால் 15 நாட்களுக்குள் ஆய்வை முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்றது. பட்டறைக் கூரையில் தகடு போட நினைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்பது சுற்றி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

பெரிய நிலையங்களுக்கும் அது இருக்கிறது, அண்ணா. 2006 அறிவிக்கையின்படி வல்லுநர் குழு 60 நாட்களுக்குள் மதிப்பிட வேண்டும், அடுத்த 45 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழுவின் பரிந்துரை எதுவோ அதையே முடிவாகக் கொண்டு விண்ணப்பதாரர் செயல்படலாம். கருத்துக்கேட்பை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 45 நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக மக்களுக்கு 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. மனு கொடுக்கும் உழவருக்குத் தொண்ணூறு நாளில் கதவு மூடிவிடுகிறது. அனுமதி பெற்றவருக்கோ பத்தாண்டு திறந்திருக்கிறது. இந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது.

ஓமலூர் சரபங்கா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தொட்டில்பட்டி ஐயாவும் வழக்குரைஞரும் எழுதியதைப் படித்த பிறகு, அமைச்சகத்துக்கு நாங்கள் அனுப்ப எண்ணியிருக்கும் மனுவின் வடிவம் எனக்குத் தெளிவாகிறது. பத்தாண்டைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்டால் கட்டுபவர்களின் நியாயமான தாமதமும் அதில் அடிபட்டுப்போகும். ஆகவே, உற்பத்திக்கான கெடு இப்போது உள்ளபடியே இருக்கட்டும். அதற்குள் கட்டுமானம் தொடங்க மூன்று ஆண்டு என்று ஓர் இடைக்கெடு வேண்டும். தொடங்குவது என்றால் என்ன என்பதை அறிவிக்கையிலேயே எழுத வேண்டும். அரசாலும் நீதிமன்றத்தாலும் ஏற்பட்ட தாமதத்தைக் கழித்துக்கொள்ளலாம். தொடங்காதவர் நீட்டிப்புக் கேட்டால், நீர், காற்று, குடியிருப்பு பற்றிய கணக்கைப் புதிதாக எடுத்து, அதே ஊரில் மறுபடியும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முதல் கூட்டத்துக்கு வந்த பெரியவர்களில் பலர் இன்று இல்லை. அன்று பள்ளியில் படித்தவர்கள்தான் இப்போது அந்த நிலங்களில் பயிர் செய்கிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாகலூர் அம்மா சொன்ன தொடர் அளவீட்டையும் சேர்க்கிறேன். அனுமதி வாங்கிய நாளிலிருந்து, வேலை தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும், கிணற்றையும் ஓடையையும் ஆண்டுதோறும் அளந்து ஊராட்சியில் ஒட்ட வேண்டும்.

நிலம் பற்றி ஒரு சந்தேகம். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில், ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் நிலங்களுக்கு அது பொருந்துமா?

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

நீங்கள் சொல்வது 101ஆவது பிரிவு. உடைமை எடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தப்படாத நிலம், பழைய உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு தடைகள் உண்டு. நிறுவனம் கிரயப் பத்திரம் எழுதி நேரடியாக வாங்கிய நிலத்துக்கு அது பொருந்தாது. உங்கள் ஊரில் நடந்தது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அரசு எடுத்துக் கொடுத்த நிலமாக இருந்தாலும், அது தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டிருந்தால், மத்தியச் சட்டத்தின் பிரிவு தானாக வந்து உதவும் என்று எண்ணிவிட வேண்டாம். புல எண்களை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

மனுவில் ஒன்று சேருங்கள். அனுமதி பெற்றவர் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1 அன்றும் டிசம்பர் 1 அன்றும், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை அறிக்கையாகத் தர வேண்டும் என்று 2006 அறிவிக்கையின் 10ஆவது பத்தி சொல்கிறது. அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள் என்றும் அதே பத்தியில் எழுதியிருக்கிறது. யார் கேட்டாலும் தர வேண்டும். உங்கள் ஊர்த் திட்டத்துக்கான எல்லா அரையாண்டு அறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தராமல் விட்டிருந்தால் அதுவே ஒரு மீறல். தந்திருந்தால், ஒவ்வோர் அறிக்கையிலும் 'கட்டுமானம் இன்னும் தொடங்கவில்லை' என்ற வரி இருக்கும். அந்த அறிக்கைகளை வரிசையாக மனுவுடன் இணையுங்கள். இடைக்கெடு ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறு கிடைக்காது. விண்ணப்ப வரைவை நாளை மாலைக்குள் இங்கேயே பதிவிடுகிறேன்.